அறை மாறினால் பேச்சு அறுந்து போகிறதா? வை-பி ரோமிங் பிரச்னையைக் கண்டறிந்து சரி செய்வது எப்படி

வீட்டில் ஒரு வை-பி ரௌட்டர் இருக்கிறது. பின்கட்டு வரை சிக்னல் எட்டவில்லை என்பதால் இன்னொன்றும் வாங்கி மாட்டியாகி விட்டது. இப்போது முன்னறையிலும் சிக்னல் முழுதாக இருக்கிறது. பின்னறையிலும் முழுதாக இருக்கிறது. ஆனால் பேசிக் கொண்டே நடந்தால் மட்டும் நடுவில் பேச்சு அறுந்து விடுகிறது. அல்லது பின்கட்டுக்குப் போய் புது ரௌட்டருக்கு அடியிலேயே நின்றாலும் போன் பழைய ரௌட்டரையே பிடித்துக் கொண்டு ஒரு கோட்டுடன் தள்ளாடுகிறது.

இரண்டாவது ரௌட்டர் வாங்கியவர்கள் பலர் சந்திக்கும் பிரச்னை இது. பெரும்பாலும் கருவியில் குறை எதுவும் இருக்காது, அமைப்பில்தான் இருக்கும். புதிதாக எதுவும் வாங்கும் முன், இங்கே தரப்பட்டுள்ள சோதனைகளைச் செய்து பாருங்கள்.

போடிநாயக்கனூரில் உள்ள ஓர் ஏலக்காய் வியாபாரியின் வீட்டை உதாரணமாக வைத்துக் கொள்வோம். தெருப்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்னால் மூட்டைகள் அடுக்கிய குடோன் என்று ரயில் பெட்டி போல நீளமான கட்டடம். போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலக்காயைக் கம்ப்யூட்டர் மூலம் ஏலம் விடுகிறது. அன்றைய விலையைக் கேட்டு மலைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வருகிறது. வியாபாரி கடையிலிருந்து எழுந்து, சரக்கைப் பார்த்துச் சொல்லக் குடோனுக்கு நடக்கிறார். நடு ஹாலைத் தாண்டியதும் அழைப்பு துண்டிக்கப்படுகிறது. கிலோவுக்கு எவ்வளவு என்று சொல்லும் வார்த்தை அந்த இடைவெளியில் போய்விட்டால் இழப்பு பணத்தில்தான்.

மலையில் இது இன்னும் முக்கியம். போடிமெட்டுக்கு மேலே பல தோட்டங்களில் மொபைல் டவர் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. வை-பி வழியாகவே சாதாரண போன் அழைப்பு செய்திடும் வசதியை இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. அது முதல் டவர் எட்டாத தோட்டத்தில் வை-பி தான் டெலிபோன். காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒருவர் கீழே விழுந்து அடிபட்டால், ஜீப் டிரைவரை அழைக்கும் போன் பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் செத்துப் போகக் கூடாது.

ரோமிங் என்றால் என்ன?

வை-பி சிக்னலைத் தரும் கருவியை ஆக்சஸ் பாயிண்ட் என்பார்கள். நம் வீட்டு ரௌட்டருக்குள் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் அடங்கியிருக்கிறது. ஓர் ஆக்சஸ் பாயிண்டை விட்டு அடுத்ததற்கு போனோ லேப்டாப்போ தாவுவதே ரோமிங். மொபைல் போனில் வெளி மாநிலம் போனால் வரும் ரோமிங் வேறு. அதை இதனுடன் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் பேசிக் கொண்டே ஏறினால் போன் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மாறும். எப்போது மாற வேண்டும் என்பதை அங்கே மொபைல் நெட்வொர்க் முடிவு செய்கிறது. போன் சிக்னல் அளவைச் சொல்லும், நெட்வொர்க் உத்தரவிடும், போன் மாறும்.

வை-பியில் முடிவு எடுப்பது உங்கள் போன் அல்லது லேப்டாப். ரௌட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதனால் யோசனைதான் சொல்ல முடியும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக் கொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகப் புரியும். போன் சரியான நேரத்தில் சரியான முடிவு எடுக்கும்படி நிலைமையை அமைத்துக் கொடுப்பதே நம் வேலை.

போன் எப்போது மாற நினைக்கும்?

சிக்னலின் வலுவை டி.பி.எம். என்ற அளவில் சொல்வார்கள். இது மைனஸ் எண்ணாக இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது.

* -50: மிக நல்ல சிக்னல்.
* -67 வரை: போன் பேச்சு, வீடியோ அழைப்பு நன்றாக இருக்கும்.
* -70க்குக் கீழே: தடுமாற்றம் தொடங்கும்.
* -80க்குக் கீழே: இணைப்பு இருப்பது போலத் தோன்றும், வேலை நடக்காது.

ஐபோன்கள் சிக்னல் -70 ஆகக் குறையும் வரை வேறு ஆக்சஸ் பாயிண்டைத் தேடுவதில்லை என்று ஆப்பிள் நிறுவனமே வெளியிட்டுள்ளது. அதன் பிறகும், புதியது பழையதை விடக் குறைந்தது 8 டெசிபல் வலுவாக இருந்தால்தான் தாவும். போன் சும்மா இருக்கும் நேரத்தில் 12 டெசிபல் கூடுதல் வேண்டும். மற்ற போன்களிலும் இது போன்ற எல்லைகள் உண்டு. எண்கள் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனவே பின்கட்டில் உள்ள ரௌட்டர் எவ்வளவு பலமாக இருந்தாலும், கடையில் உள்ளதன் சிக்னல் இன்னும் -65 என்று கிடைத்தால் போன் அசையாது. இப்படிப் பழைய இணைப்பை விடாமல் ஒட்டிக் கொண்டிருப்பதை ஸ்டிக்கி கிளையண்ட் என்பார்கள்.

நடந்து பார்க்கும் சோதனை

லேப்டாப் ஒன்று இருந்தால் போதும். பத்து நிமிடத்தில் நோய் என்ன என்று தெரிந்து விடும்.

1. விண்டோஸ் கீயை அழுத்தி சி.எம்.டி. என்ற மூன்று எழுத்துக்களை டைப் செய்து என்டர் தட்டவும். கறுப்பு நிறத்தில் கமாண்ட் விண்டோ கிடைக்கும். இதே போல இரண்டு விண்டோக்களைத் திறந்து கொள்ளுங்கள்.

2. முதல் விண்டோவில் பிங் கட்டளை. பி, ஐ, என், ஜி என்ற எழுத்துக்கள், ஓர் இடைவெளி, 192.168.1.1, ஓர் இடைவெளி, ஹைபன், டி. என்டர் தட்டவும். (உங்கள் முதல் ரௌட்டரின் முகவரி வேறாக இருந்தால் அதனை டைப் செய்திடவும். ரௌட்டரின் அடியில் உள்ள லேபிளில் இருக்கும்.) ஏறத்தாழ விநாடிக்கு ஒரு வரி ஓடிக் கொண்டே இருக்கும். நிறுத்த கன்ட்ரோல் கீயுடன் சி அழுத்தவும்.

3. இரண்டாவது விண்டோவில் வை-பி நிலையைக் காட்டும் கட்டளை. என், இ, டி, எஸ், எச் - இடைவெளி - டபிள்யூ, எல், ஏ, என் - இடைவெளி - எஸ், எச், ஓ, டபிள்யூ - இடைவெளி - ஐ, என், டி, இ, ஆர், எஃப், ஏ, சி, இ, எஸ். என்டர் தட்டவும். விண்டோஸ் 11 தொகுப்பில் லொகேஷன் வசதியை ஆன் செய்யச் சொன்னால் செய்திடவும்.

4. கிடைக்கும் பட்டியலில் மூன்று வரிகளைக் குறித்துக் கொள்ளுங்கள்: பி.எஸ்.எஸ்.ஐ.டி., சானல், சிக்னல். இதில் பி.எஸ்.எஸ்.ஐ.டி. என்பது ஆக்சஸ் பாயிண்டின் அடையாள எண். இரண்டு ரௌட்டர்களுக்கும் நீங்கள் ஒரே பெயர் வைத்திருந்தாலும் இந்த எண் வேறு வேறாக இருக்கும். நீங்கள் இப்போது யாருடன் இணைந்திருக்கிறீர்கள் என்பதை இதுதான் சொல்லும்.

5. சிக்னல் சதவீதத்தில் காட்டப்படும். அதைப் பாதியாக்கி 100ஐக் கழித்தால் டி.பி.எம். கிடைக்கும். 60 சதவீதம் என்றால் பாதி 30. அதில் 100 போக -70.

6. ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று டைப் செய்து என்டர் தட்டி, ஐ.பி.வி.4 முகவரியையும் குறித்துக் கொள்ளவும்.

இப்போது லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு கடை, நடு ஹால், குடோன் என்று மெதுவாக நடக்கவும். ஒவ்வோர் இடத்திலும் நின்று, 3 மற்றும் 6 ஆவது படிகளைத் திரும்பச் செய்து ஒரு தாளில் எழுதவும். மேல் அம்புக்குறி கீயை அழுத்தினால் முன்பு தந்த கட்டளை மீண்டும் வரும். மறுபடி டைப் செய்ய வேண்டியதில்லை.

ஒரு கவனம். இன்றைய ரௌட்டர்கள் 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி பி.எஸ்.எஸ்.ஐ.டி. உண்டு. எனவே எண் மாறியதும் அடுத்த ரௌட்டருக்குப் போய்விட்டது என்று எண்ணி விட வேண்டாம். முதலில் ஒவ்வொரு ரௌட்டரின் பக்கத்தில் நின்று அதன் எண்களைக் குறித்து வைத்துக் கொள்வது நல்லது.

தாளில் கிடைத்த விடை என்ன சொல்கிறது?

அ. பி.எஸ்.எஸ்.ஐ.டி. மாறவே இல்லை, சிக்னல் குறைந்து கொண்டே போகிறது: ஸ்டிக்கி கிளையண்ட்.

ஆ. பி.எஸ்.எஸ்.ஐ.டி. மாறுகிறது, ஐ.பி. முகவரியும் மாறுகிறது: உங்கள் வீட்டில் தெரியாமலே இரண்டு தனி நெட்வொர்க்குகள் இயங்குகின்றன.

இ. நடுவில் சில அடிகள் சிக்னலே இல்லை. பிறகு புதிதாக இணைகிறது: இடையில் பள்ளம் இருக்கிறது.

ஈ. நடு ஹாலில் நின்றால் இரண்டு ரௌட்டர்களுக்கும் மாறி மாறித் தாவுகிறது: இரண்டும் சம வலுவில் மோதுகின்றன.

இனி ஒவ்வொன்றுக்கும் தீர்வு பார்ப்போம். ஆ-வில் தொடங்குவோம். அதனைச் சரி செய்யாமல் மற்றவற்றைச் செய்து பயனில்லை.

இரண்டு நெட்வொர்க்கை ஒன்றாக்குதல்

இரண்டாவது ரௌட்டரையும் முதலாவதைப் போலவே அமைத்து விட்டால், அதுவும் தன் பங்குக்கு ஐ.பி. முகவரிகளை வழங்கத் தொடங்கும். கடையில் 192.168.1.25 என்று இருந்த உங்கள் போன், குடோனில் 192.168.0.12 ஆகி விடும். தெருவில் நடந்து கொண்டிருக்கும்போதே கதவு எண் மாறினால் தபால் எப்படி வந்து சேரும்? பேச்சு அறுவது இதனால்தான். பிங் தொடர்ந்து ஓடினாலும் அழைப்பு அறுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1. இரண்டாவது ரௌட்டரை முதலாவதிலிருந்து கழற்றி, கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் நேரடியாக இணைக்கவும்.

2. பிரவுசரின் அட்ரஸ் பாரில் அதன் முகவரியை டைப் செய்து என்டர் தட்டி, பாஸ்வேர்ட் தந்து உள்ளே செல்லவும்.

3. ஆபரேஷன் மோட் என்ற பிரிவு இருந்தால், ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடவும். பிறகு முதல் ரௌட்டரிலிருந்து வரும் கேபிளை இதில் செருகினால் வேலை முடிந்தது.

4. அந்தப் பிரிவு இல்லாத பழைய ரௌட்டர் என்றால், லேன் பிரிவில் முகவரியை 192.168.1.2 என மாற்றவும். டி.எச்.சி.பி. சர்வர் என்பதை டிசேபிள் செய்து சேவ் செய்திடவும். பிறகு முதல் ரௌட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள் தரவும். வேன் என்று எழுதிய போர்ட் காலியாகவே இருக்க வேண்டும். 192.168.1.2 என்ற எண்ணை முதல் ரௌட்டர் வேறு கருவிக்குத் தந்து விடாதபடி, அதன் டி.எச்.சி.பி. தொடக்க எண்ணை 192.168.1.100 என வைத்துக் கொள்ளலாம்.

5. இரண்டிலும் வை-பி பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை ஆகிய மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் டபிள்யூ.பி.ஏ.2, மற்றதில் டபிள்யூ.பி.ஏ.3 என்று இருந்தால் போன் அவற்றை வேறு வேறு நெட்வொர்க்காக எண்ணக் கூடும்.

6. சானல் மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகா ஹெர்ட்ஸில் ஒன்றுடன் ஒன்று மோதாத சானல்கள் 1, 6, 11. கடைக்கு 1, குடோனுக்கு 11 எனத் தரலாம். சானல் அகலம் 20 மெகா ஹெர்ட்ஸாக இருக்கட்டும்.

ஒட்டிக் கொண்டிருக்கும் போனை நகர்த்துதல்

சிக்னல் போதவில்லை என்றால் ரௌட்டரின் சக்தியைக் கூட்டத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ரோமிங் பிரச்னைக்குச் செய்ய வேண்டியது குறைப்பது. வயர்லெஸ் செட்டிங்ஸில் டிரான்ஸ்மிட் பவர் என்ற ஆப்ஷன் இருக்கும். ஹை என்று இருப்பதை மீடியம் ஆக்கி, மறுபடி நடந்து பாருங்கள். கடை ரௌட்டரின் சிக்னல் நடு ஹாலைத் தாண்டும்போது -70ஐ ஒட்டிக் குறைய வேண்டும். அதே இடத்தில் குடோன் ரௌட்டர் -60 அளவில் கிடைக்க வேண்டும். அப்போது போன் தானாகவே தாவி விடும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சிறிய பேட்டரியில் இயங்கும் போனின் ஒலிபரப்பு சக்தி பொதுவாக ரௌட்டரை விடக் குறைவு. ரௌட்டர் கத்துவது போனுக்குக் கேட்கும். போன் பேசுவது ரௌட்டருக்குக் கேட்காது. கோடுகள் முழுதாக இருந்தும் எதிர்ப்பக்கம் நம் குரல் கேட்கவில்லை என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

லேப்டாப்பில் இன்டெல் வை-பி கார்டு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் செல்லவும். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பிரிவில் வை-பி கார்டின் மீது டபுள் கிளிக் செய்து, அட்வான்ஸ்டு டேப்பைக் கிளிக் செய்திடவும். ரோமிங் அக்ரெசிவ்னெஸ் என்பதில் 1 முதல் 5 வரை படிகள் கிடைக்கும். நடுவில் இருப்பதை 4க்கு உயர்த்தினால் லேப்டாப் சீக்கிரம் மாறும். ஈ-யில் சொன்ன மாறி மாறித் தாவும் நோய் என்றால் 2க்குக் குறைக்கவும். போன்களில் இந்த வசதி பொதுவாகத் தரப்படுவதில்லை. அங்கே தாவல் நோய்க்கு ஒரு ரௌட்டரைச் சற்றுத் தள்ளி வைப்பதே தீர்வு.

பள்ளத்தை நிரப்புதல்

இ வகைப் பிரச்னைக்குக் காரணம் பெரும்பாலும் சுவரும் சரக்கும்தான். தடித்த கல் சுவர் சிக்னலை வெகுவாகக் குறைக்கும். 5 கிகா ஹெர்ட்ஸ் சிக்னலை இன்னும் அதிகமாக. தகரம் தடுத்துத் திருப்பி விடும். ஈரமுள்ள எந்தப் பொருளும் அலைகளை உறிஞ்சும். பச்சைக் காய் மூட்டைகள் அடுக்கியிருக்கும் நாளிலும் காலியாக இருக்கும் நாளிலும் அதே அறையில் சிக்னல் ஒன்றாக இருக்காது. எனவே அறை நிறைந்திருக்கும்போது சோதனை செய்திடவும். ரௌட்டரை மூட்டைக்குப் பின்னால் வைக்காமல் உயரத்தில், வாசலுக்கு நேராக மாட்டவும்.

மலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு

பங்களா, ஸ்டோர், லைன் வீடுகள் எனத் தனித்தனிக் கட்டடங்கள் இருந்தால் கூடுதலாக நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

* சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே செம்புக் கேபிள் இழுத்தால் இடி மின்னலில் இரண்டு பக்கக் கருவிகளும் போக வாய்ப்பு உண்டு. உலோகம் கலக்காத ஃபைபர் கேபிளும், இரண்டு முனைகளில் மீடியா கன்வெர்ட்டரும் வைப்பது பாதுகாப்பு.

* ஏலத் தோட்டத்தில் நிழல் மரங்கள் அடர்த்தியாக இருக்கும். நனைந்த இலைகள் சிக்னலைக் குறைக்கும். ஏப்ரலில் சரியாக இருந்த அமைப்பு ஜூலை மழையில் தடுமாறலாம். மழைக்காலத்தில் ஒரு முறை நடந்து பார்த்து விடுங்கள்.

* கரண்ட் போகும்போது முதல் ரௌட்டர் மட்டும் யு.பி.எஸ்.ஸில் இருந்தால் போதாது. ஸ்டோரில் உள்ளது அணைந்ததும் அங்குள்ள போன்கள் தொலைவில் உள்ள பங்களா சிக்னலைப் பிடித்துத் தொங்கும். இரண்டுக்கும் சிறிய யு.பி.எஸ். தேவை. அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து வாங்கவும்.

* கட்டடங்களுக்கு இடையே உள்ள பாதையிலும் சிக்னல் வேண்டும் என்றால் மழை, வெயில் தாங்கும் அவுட்டோர் வகை ஆக்சஸ் பாயிண்ட் வாங்க வேண்டும். வீட்டு ரௌட்டரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்க விடுவது ஆபத்து. வீட்டு வை-பி இயங்கும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005லும், 5 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2018லும் இந்திய அரசு லைசென்ஸ் தேவையை நீக்கியது. விதித்துள்ள சக்தி வரம்புக்குள் இயக்க அனுமதி தேடி அலைய வேண்டியதில்லை.

சில சந்தேகங்கள்

ரௌட்டருக்குப் பதில் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் போதாதா?
சிறிய வீட்டுக்குப் போதும். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கித் திரும்ப அனுப்பும் எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகும். கேபிள் இழுக்க முடிந்த இடத்தில் கேபிள்தான் சிறந்தது.

மெஷ் ரௌட்டர் வாங்கினால் இந்தத் தொல்லைகள் இருக்காதா?
பெயர், பாஸ்வேர்ட், ஐ.பி. முகவரி ஆகியவற்றை மெஷ் தானே ஒன்றாக்கி விடும். எங்கே தாவலாம் என்று போனுக்கு யோசனையும் சொல்லும். முடிவு அப்போதும் போனுடையதுதான். தவறான இடத்தில் வைத்தால் மெஷ்ஷும் தடுமாறும்.

ஃபாஸ்ட் ரோமிங் அல்லது 802.11ஆர் என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறதே?
2008ல் வந்த தரக்கட்டுப்பாடு இது. புதிய ஆக்சஸ் பாயிண்டுடன் சாவி பரிமாறும் நேரத்தைக் குறைக்கும். ஆன் செய்து பாருங்கள். பழைய பிரிண்டரோ போனோ இணைய மறுத்தால் ஆப் செய்து விடவும். ஒரே பாஸ்வேர்ட் உள்ள வீட்டு நெட்வொர்க்கில் இது இல்லாமலும் ரோமிங் நடக்கும்.

இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தால் என்ன?
உட்கார்ந்த இடத்திலேயே பயன்படுத்துபவருக்குத் தவறில்லை. எதில் இருக்கிறோம் என்பது தெரியும். நடந்து கொண்டே பேசுபவருக்கு ஒவ்வொரு முறையும் பேச்சு அறும்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்திடவும். ஒன்றை மாற்றியவுடன் நடந்து பார்த்து, தாளில் எழுதிய பின் அடுத்ததற்குச் செல்லவும். நான்கு செட்டிங்குகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும். எல்லாம் சரியான பின், இரண்டு ரௌட்டர்களின் முகவரி, பி.எஸ்.எஸ்.ஐ.டி., சானல், பவர் அளவு ஆகியவற்றை எழுதிய தாளை முதல் ரௌட்டரின் பக்கத்திலேயே ஒட்டி வைக்கவும். நாளை ரௌட்டரை மாற்ற வருபவர் எல்லாவற்றையும் ரீசெட் செய்து விட்டுப் போனாலும், அந்தத் தாளைப் பார்த்து அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டு வந்து விடலாம்.